பெரியப்பாவின்ர கெனன் ஏ-1, யாழ்ப்பாண வெயிலில ஒரு வருசம்

கெனன் ஏ-1 எண்ட பிலிம் கமராவை வாங்கலாமோ, ஏவி (Av), ரீவி (Tv) எண்டு படம் எடுக்கிற முறை ரெண்டும் அதில கிடக்கே, உண்மையாப் பிரயோசனமோ எண்டு பெடியள் கனபேர் கேட்டிட்டினம், ஒவ்வொருத்தருக்கும் துண்டு துண்டாச் சொல்லிறதை விட முழுக்க இதில எழுதி விடுறன். நான் பாவிக்கிறது பெரியப்பாவின்ர கமரா. 80களில கனடாவுக்குப் போய் வேலை எடுத்து முதல் சேர்த்த காசில வாங்கினவர், போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கேக்க "எனக்கு இனிக் கண் பிடிக்குதில்லையடா தம்பி, நீ வச்செடு" எண்டு தோல் உறையோட கையில தந்தவர், கூடவே ஒரு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ். அண்டு தொட்டு இண்டைக்கு மட்டும் 17 றோல் முடிச்சிட்டன்.

என்ர முடிவை முதலே சொல்லிறன். திறமான கமரா, பிலிம்ல எடுக்க ஆசைப்படுற ஆருக்கும் நம்பிச் சொல்லுவன். ஆனா ஒரு பழக்கம் வந்தாப் பிறகுதான் அது கைக்கு வரும், அது என்னெண்டால் நீங்கள் வச்ச எண்ணைப் பாக்காமல் கமரா வச்ச எண்ணைப் பாக்கிற பழக்கம். ஏவியில எடுத்தால் அது என்ன ஷட்டர் (வெளிச்சம் விழுற நேரம்) தருது எண்டு பாக்க வேணும், ரீவியில எடுத்தால் அது என்ன அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டையின்ர அளவு) தருது எண்டு பாக்க வேணும். இது விளங்க எனக்கு மூண்டு றோல் போச்சுது, பிலிம் விக்கிற விலைக்கு அது சின்ன விசயம் இல்லை, அதுக்காகத்தான் இவ்வளவையும் மினக்கெட்டு எழுதிறன்.

ஏவி எண்டால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின்ர ஓட்டை எவ்வளவு திறக்க வேணும் எண்டதை நீங்கள் சொல்லுவியள், எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்து நிக்க வேணும் எண்டதைக் கமரா வெளிச்சத்தைப் பாத்துப் போடும். ரீவி எண்டது இதுக்கு நேர் மாறு, நேரத்தை நீங்கள் சொல்லுவியள், ஓட்டையை அது போடும். ஓட்டையின்ர அளவை எஃப் எண்ணாலதான் சொல்லிறது, எண் சின்னனெண்டால் ஓட்டை பெரிசு. 1978இல ஏ-1 வரேக்க ரெண்டையும் ஒரே கமராவில வச்சிருந்தது பெரிய விசயம், அதுக்கு முதல் வருசம் மினோல்ற்றா எக்ஸ்டி இதைச் செய்திட்டுது, ஆனா ரெண்டையும் கமராவே போடுற புறோகிறாம் எண்ட மூண்டாவதையும் சேர்த்துத் தந்தது ஏ-1தான். அந்தக் காலத்துக் கமராக்கள் கூடுதலா ஒரு பக்கம்தான், நிக்கன் எஃப்ஈ, பென்ராக்ஸ் எம்ஈ எல்லாம் அப்பர்ச்சர் பக்கம், கெனனின்ர ஏஈ-1 ஷட்டர் பக்கம். ஏன் அப்பிடியெண்டால், ஷட்டர் கமராவின்ர உடம்புக்குள்ள கிடக்கிற சாமான், அதைக் கமராவே மாத்திறது சுகம். லென்ஸுக்குள்ள இருக்கிற ஓட்டையைக் கமராவில இருந்து திறந்து மூட வேணும் எண்டால் ரெண்டுக்கும் இடையில சரியான தொடுப்பு வேணும், கெனன் தன்ர எஃப்டி லென்ஸ்களில 1971இலயே அந்தத் தொடுப்பை வச்சிட்டுது, நிக்கன்காரர் ரெண்டும் உள்ள எஃப்ஏயைக் கொண்டு வரேக்க 1983.

கையில பிடிச்சால் உடம்பு மட்டும் 620 கிராம், கனமும் இல்லை பாரமில்லாமலும் இல்லை. ஷட்டர் அமத்துற பொத்தானைச் சுத்தி ஒரு சின்ன லீவர் இருக்கும், அதை ஒரு பக்கம் தள்ளினால் ஏவி, மற்றப் பக்கம் தள்ளினால் ரீவி. முன்னால விரலுக்கு எட்டிற மாதிரி ஒரு சில்லு, அதைச் சுத்தச் சுத்த எண் மாறும், ஏவியில எண்டால் அப்பர்ச்சர் எண், ரீவியில எண்டால் 30 செக்கனில இருந்து 1/1000 மட்டும். கண்ணை வச்சுப் பொத்தானை அரைவாசி அமத்தினால் படத்துக்குக் கீழ கறுப்பில சிவப்பு எழுத்தா ரெண்டு எண் வரும். பழைய கல்குலேற்றர் எழுத்து மாதிரி. இருட்டுக்குள்ளயும் தெரியும், ஊசி மாதிரி முள் ஆடுற கமராக்களில பின்னேரத்துக்குப் பிறகு ஒண்டும் தெரியாது, இதில அந்தப் பிரச்சினை இல்லை. எனக்கு இந்தக் கமராவில முதல் பிடிச்சதே அந்தச் சிவப்பு எண்தான்.

ஒரு விசயம் கட்டாயம். ஏவி, ரீவி எதில எடுத்தாலும் லென்ஸில இருக்கிற வளையம் பச்சை நிற 'ஏ'யில நிக்க வேணும். ஏவியில அப்பர்ச்சரை நாங்கள்தானே வைக்கிறம், அப்ப லென்ஸ் வளையத்தைத்தானே சுத்த வேணும் எண்டு புதுசா எடுக்கிற ஆக்கள் நினைப்பினம், இல்லை, இதில அதையும் கமராவின்ர சில்லாலதான் சுத்திறது. வளையத்தை 'ஏ'யில இருந்து எடுத்தால் கமரா முழுக்க உங்கட கைக்கு வந்திடும், சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில 'எம்' எண்டு ஒரு எழுத்து எரியும், அப்ப கமரா காட்டிற அப்பர்ச்சர் எண் அது சொல்லுற ஆலோசனை மட்டும்தான், லென்ஸ் உண்மையா எதில நிக்குது எண்டு அது காட்டாது. ஒருநாள் தம்பிக்குக் காட்டிக் குடுக்கேக்க வளையத்தை 8இல வச்சிட்டுத் திருப்பி வைக்க மறந்து போனன், அடுத்த நாள் குருநகர்க் கரையில விடிய மீன் இறக்கிறதை 12 படம் எடுத்தனான், 'எம்' எரிஞ்சுகொண்டுதான் இருந்தது, என்ர கண் அதைக் காணேல்ல. அண்டைக்கு நல்ல மங்கல் வெளிச்சம், 12உம் இருட்டு.

அம்மம்மாவின்ர படத்தைப் பற்றிச் சொல்ல வேணும், ஏவி எண்டால் என்ன எண்டு எனக்கு விளங்கினது அதிலதான்.

எங்கட பழைய வீட்டுக் குசினி கிழக்குப் பாத்தது, விடிய ஏழு ஏழரைக்கு யன்னலால வெளிச்சம் சரிவா வந்து நிலத்தில விழும், அம்மம்மா அதுக்குப் பக்கத்தில திருவலையில இருந்து தேங்காய் திருவுவா. சேலைத் தலைப்பை இடுப்பில செருகி, ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டி. கையில மினுமினுப்பா அந்த ஈரம், தட்டில விழுற பூ, எல்லாம் அந்த வெளிச்சத்தில தெரியும். நான் முதல் நாள் ஏவியில எஃப் 8இல வச்சு எடுத்தனான், எஃப் 8 எண்டால் எல்லாம் கூர்மையா வரும் எண்டு எங்கயோ படிச்ச நினைப்பு. சிவப்பில '4' எண்டு காட்டிச்சுது. அது 1/4 செக்கன். கையால பிடிச்சு 1/4 செக்கன் எடுக்க ஏலுமோ, ஏலாது, 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு 1/60க்குக் கீழ போனால் மனிசற்ற கை நடுக்கம் படத்தில விழத் தொடங்கிடும். நான் அந்த 4ஐப் பாக்கவே இல்லை, 8ஐ மட்டும் பாத்தனான். பேந்து நெகட்டிவைப் பாக்க ஒன்பது படமும் தண்ணிக்குள்ளால பாக்கிற மாதிரி.

அடுத்த கிழமை திரும்பவும் அதே நேரம், அதே எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம், ஐஎஸ்ஓ 400 (ஐஎஸ்ஓ எண்டது பிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம்). சில்லை எஃப் 2க்குக் கொண்டு போனன், ஒரு படி திறந்தால் வெளிச்சம் ரெண்டு மடங்கு, நாலு படி திறந்தால் பதினாறு மடங்கு, அப்ப 4 எண்டது 60 எண்டு மாறிச்சுது, மாறிறதைக் கண்ணாலேயே பாத்தன், சில்லைச் சுத்தச் சுத்த 4, 8, 15, 30, 60 எண்டு ஏறிச்சுது. அது ஏறினதைப் பாத்த உடனதான் இது ஒரு தராசு எண்டு மண்டையில ஏறிச்சுது, ஒரு தட்டில வைக்கிற அளவுக்கு மற்றத் தட்டில எடுக்க வேணும். ஆனா எஃப் 2 சும்மா தராது, ஒரு மீற்றர் தூரத்தில நிண்டால் கூர்மையா வாற ஆழம் ஏறத்தாழ அஞ்சு சென்ரிமீற்றர்தான், கண் கூர்மை எண்டால் காது மங்கல். அதால ஒண்டரை மீற்றர் மட்டும் பின்னுக்குப் போய் (அப்ப அது பத்துப் பதினொண்டு சென்ரிமீற்றர் ஆகும்) கையில குவிச்சன், முகத்தில இல்லை. கையும் தேங்காய்ப் பாதியும் கூர்மை, பின்னால முகம் மெல்லிய மங்கல். அந்தப் படத்தை அம்மா பெரிசாக்கிச் சுவரில மாட்டி வச்சிருக்கிறா. "முகம் வடிவாத் தெரியேல்லயே" எண்டு முதல் கேட்டவ, பேந்து தானே கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு "கை அம்மாவின்ர கைதான்" எண்டா.

ஆக்களை எடுக்க, சாமானை எடுக்க, சந்தையில மரக்கறிக் குவியலை எடுக்க, நான் எப்பவும் ஏவிதான். திண்ணைவேலிச் சந்தையில கூரைக்குக் கீழ நிண்டால் ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெயில் வெட்டு, ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் மாறும், எஃப் 2.8இல வச்சிட்டு நடக்கலாம், மிச்சத்தை அது பாக்கும், நீங்கள் 60க்குக் கீழ போகுதோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டால் காணும்.

ஆனா வெளியில மத்தியான வெயிலில ஏவி வேற விதமா மாட்டும், இது எங்கட ஊருக்கே உரிய பிரச்சினை, குளிர்நாட்டுக்காரர் எழுதிறதைப் படிச்சால் இது விளங்காது. முழு வெயிலில எஃப் 16 எண்டால் ஷட்டர் ஏறத்தாழ பிலிமின்ர ஐஎஸ்ஓ எண் எண்டு ஒரு பழைய கணக்கு இருக்கு. ஐஎஸ்ஓ 200 பிலிம் எண்டால் எஃப் 16, 1/200. எஃப் 11 எண்டால் 1/400, எஃப் 8 எண்டால் 1/800. அதுக்கு மேல திறக்க வெளிக்கிட்டால் 1/1600 வேணும், ஏ-1 1/1000ஓட நிண்டிடும். கசூரினாக் கடற்கரையில வெள்ளை மணலும் தண்ணியும் வெயிலைத் திருப்பி எறியேக்க அதை விடவும் கூட. அப்ப நீங்கள் எஃப் 1.8இல ஆசையா வச்சால் கண்ணுக்குள்ள 1000 மினுங்கும், மினுங்கினால் "என்னால ஏலாது, வெளிச்சம் கூட" எண்டு அர்த்தம், அதைக் காணாத மாதிரி அமத்தினால் படம் வெளுத்துப் போகும். ஐஎஸ்ஓ 400 போட்டிருந்தால் இன்னும் மோசம், எஃப் 11லயே முட்டிடும். அதால பகலில வெளியில எடுக்கப் போறனெண்டால் நான் 400 போடுறதில்லை, 100 இல்லாட்டி 200. கட்டாயம் பின்னணி மங்கலா வேணும் எண்டால் மூண்டு படி வெளிச்சம் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி ஒண்டு, 52 மில்லிமீற்றர் அளவு, லென்ஸுக்கு முன்னால திருகினால் எஃப் 8 இருந்த இடத்தில எஃப் 2.8 வைக்கலாம். கலர் நெகட்டிவ் எண்டால் ஒரு படி கூட விழுந்தாலும் தாங்கும், பயப்பிடத் தேவையில்லை, குறைய விழுந்தால்தான் அழுக்கு மாதிரிச் சாம்பலா வரும்.

ரீவிக்கு வருவம். இதை நான் முதல் ஆறு மாசமும் தொடவே இல்லை, ஏவி இருக்கேக்க இது ஏன் எண்ட எண்ணம், சில பேர் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவினம், ஏவியில ஓட்டையை முழுக்கத் திறந்தால் தானா வேகமான ஷட்டர் வருந்தானே எண்டு. வரும், ஆனா எது வரும் எண்டு உங்களுக்குத் தெரியாது, முகில் ஒண்டு வந்தால் மாறிடும். மாட்டு வண்டிச் சவாரிக்குப் போன அண்டைக்கு அது எனக்கு நல்லா விளங்கிச்சுது.

சவாரித் திடலில நிண்ட ஆக்களுக்குத் தெரியும், ரெண்டு சோடி ஒண்டா வெளிக்கிட்டால் சத்தம் முதல் வரும், புழுதி பேந்து வரும், உங்களைத் தாண்டிப் போக ரெண்டு செக்கன் கூட எடுக்காது. பின்னேரம் நாலு மணி இருக்கும், வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. 200 பிலிம். ரீவியில 1/500 வச்சன், அது 5.6 எண்டு காட்டிச்சுது. முதல் ஓட்டத்தில ரெண்டு படந்தான் எடுக்க ஏலும், இந்தக் கமராவில ஒவ்வொரு படத்துக்கும் கையால இழுத்து ஏத்த வேணும், அதால எங்க நிக்கேக்க அமத்திறது எண்டு முதலே ஒரு இடத்தைத் தெரிவு செய்து குவிச்சு வச்சிட்டு நிண்டனான். நாம்பன் நாலு காலையும் தூக்கி நிலத்தில தொடாமல் நிக்கிற படம் ஒண்டு, கடைவாயில நுரை, ஓட்டிற அண்ணை எழும்பி நிண்டு சால்வை பின்னால பறக்குது, புழுதியில ஒவ்வொரு மண் துணிக்கையும் தனித்தனியாத் தெரியுது.

நல்ல படம், ஆனா அண்டைய சத்தமும் வேகமும் அதில இல்லை, எல்லாம் உறைஞ்சு போய் நிக்குது. எனக்குப் பக்கத்தில ஒரு வயசான ஐயா, முந்தி ஸ்ரூடியோ வச்சிருந்தவராம், கமராவைக் கண்டிட்டுக் கிட்ட வந்து, "தம்பி, 30இல வைச்சு வண்டியோட சேந்து திரும்பிப் பாருமன்" எண்டார். சில்லை 30க்குக் கொண்டு வந்தன். எண் 22க்குப் போச்சுது, இந்த லென்ஸ் மூடக்கூடிய அளவுக்கு முழுக்க மூடியாச்சு. அடுத்த ஓட்டத்தில காலை அகட்டி நிண்டு, வண்டி தூர வரேக்கயே கமராவுக்குள்ள அதைப் பிடிச்சு, இடுப்போட திரும்பித் திரும்பி நேர வந்த உடன அமத்தி, அமத்தினாப் பிறகும் நிப்பாட்டாமல் திரும்பினன். எட்டுப் படம் அப்பிடி எடுத்ததில ரெண்டு வந்திருக்கு. ஒண்டில மாட்டின்ர தலையும் அண்ணையின்ர முகமும் கூர்மை, கால் எல்லாம் புகை மாதிரி, பின்னால நிண்ட சனமும் பனையளும் நீட்டு நீட்டுக் கோடா இழுபட்டுக் கிடக்கு. 1/500க்கும் 1/30க்கும் இடையில நாலு படி, அதே திடல், அதே வெயில், அதே மாடு. முதலாவது படத்தில மாடு, ரெண்டாவதில ஓட்டம். ரீவியை இதுக்காகத்தான் வச்சிருக்கிறாங்கள்.

இதையே மத்தியானம் 12க்குச் செய்யப் போனால் சரிவராது, அந்த வெயிலில 200 பிலிமுக்கு 22இல வச்சாலும் 1/100தான் வேணும், 1/30 வச்சால் எண் மினுங்கும். சவாரி பின்னேரம் நடந்தது நல்லது எண்டு நினைச்சன். அதே மாதிரி ரீவியில மற்றப் பக்கத்தாலயும் முட்டும், மாலையில 1/500 வச்சால் 1.8 மினுங்கும், இனித் திறக்க ஓட்டை இல்லை எண்டு அர்த்தம், உடன ஷட்டரைக் குறைக்க வேணும். ஏவியில எல்லை தூரத்தில, 30 செக்கன் மட்டும் போகலாம். ரீவியில ஓட்டைக்கு 1.8இல இருந்து 22 மட்டும் ஏழு படி சொச்சந்தான் இருக்கு, கெதியா முட்டுப்படும், அதால ரீவியில எடுக்கேக்க அப்பர்ச்சர் எண்ணைக் கூடக் கவனமாப் பாக்க வேணும்.

நல்லூரில தேர் அண்டைக்கு நான் பாவிச்சது ரீவி 1/250. உள்ளுக்குப் படம் எடுக்க விடமாட்டினம், வெளிவீதிதான். சனத்துக்குள்ள ஒருத்தர் தட்டுவர், ஒருத்தர் தள்ளுவர், உங்கட கையே ஒரு இடத்தில நிக்காது, அங்க நிண்டு ஆழம் எவ்வளவு எண்டு யோசிக்க நேரமில்லை, ஆட்டம் விழாமல் இருந்தாக் காணும். ஆனா முதல் வருசம் எடுத்த படம் எல்லாம் இருட்டா வந்தது வேற காரணத்தால. வீதி முழுக்க வெள்ளை மணல், சனம் முழுக்க வெள்ளை வேட்டி, கமராவுக்கு நடுவில கிடக்கிறதைக் கூடக் கணக்கெடுத்து எல்லாத்தையும் சாம்பல் நிறமா நினைக்கிற மீற்றர்தான் இருக்கு, வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூட எண்டு நினைச்சுக் குறைச்சுப் போடும், அப்ப பிரதட்டை செய்யிற ஆக்களின்ர முகம் எல்லாம் கறுத்துப் போகும். இதுக்கு இடப்பக்கம், பிலிம் சுத்திற பிடிக்குக் கீழ ஒரு வளையம் இருக்கு, அதில 1/4, 1/2, 1, 2, 4 எண்டு போட்டிருக்கும். 2இல வச்சால் ஒரு படி கூட, 4இல வச்சால் ரெண்டு படி கூட. வெள்ளை மணல், பொது நூலகத்தின்ர வெள்ளைச் சுவர், வல்வெட்டித்துறையில பொங்கலண்டு பட்டம் ஏத்தேக்க பின்னால இருக்கிற வெளிச்ச வானம், எல்லாத்துக்கும் நான் 2இல வைக்கிறனான். எடுத்து முடிய 1க்குத் திருப்ப மறக்கக் கூடாது.

அதே வளையம் இன்னொண்டுக்கும் உதவும். பண்ணைப் பாலத்தடியில பொழுதுபட்டாப் பிறகு கமராவை மூண்டுகால் தாங்கியில வச்சு, கடலுக்குள்ள நடு நடுவா நிக்கிற சிறகுவலைத் தடியளை எடுக்கிறது எனக்குச் சரியான விருப்பம். ஏவி, எஃப் 11. தண்ணி பால் மாதிரி மெதுமையா வரும், தடி மட்டும் கறுப்பா நிக்கும். கமரா 10 செக்கன் எண்டு காட்டும், ஆனா எச்பி5 பிலிமுக்கு ஒரு செக்கனைத் தாண்டினால் வெளிச்சத்தைப் பிடிக்கிற சக்தி குறையும், 10 எண்டு காட்டினால் 20 குடுக்க வேணும். அந்த வளையத்தை 2இல வச்சால் கமராவே நேரத்தை இரட்டிப்பாக்கிடும், கையில மணிக்கூட்டோட நிக்கத் தேவையில்லை.

இனிக் குறை. பற்றரி இல்லாட்டி இந்தக் கமரா ஒரு கல்லு, ஷட்டர் கூட அமராது. 90இல தொடங்கின பொருளாதாரத் தடையில பற்றரி யாழ்ப்பாணத்துக்குள்ள வர விடாத சாமான், சைக்கிளைத் தலைகீழா வச்சுச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள், அந்தக் காலத்தில இஞ்ச இந்தக் கமரா இருந்திருந்தால் அலுமாரிக்குள்ளதான் கிடந்திருக்கும். சவாரித் திடலில கண்ட ஐயாவும் அதைத்தான் சொன்னார், தான் அப்ப பாவிச்சது பற்றரி தேவையில்லாத முழுக்க மெக்கானிக்கல் கமராவாம், வெளிச்சம் கண்ணாலேயே கணக்குப் போடுவாராம். இப்பவும் அந்த 6 வோல்ற் பற்றரி, 4எல்ஆர்44 எண்டது, நினைச்ச நேரம் கடையில கிடைக்காது. ஆனா மணிக்கூடு திருத்திற கடையளில எல்ஆர்44 சின்ன வட்டப் பற்றரி இருக்கும், அதில நாலை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி, சுத்திவரக் கடுதாசியைச் சுருட்டி, நீளம் காணாத இடத்துக்குச் சொக்கிளேற் சுத்திற வெள்ளித்தாளை மடிச்சு வச்சால் ஓடும், நான் அப்பிடி ரெண்டு மாசம் ஓட்டினனான். பற்றரி இருக்கிறது முன்பக்கப் பிடிக்குப் பின்னால, பிடியை ஒரு ரூபாக் குத்தியால திருகிக் கழட்டலாம். உள்ள மூடி மெல்லிய பிளாஸ்ரிக், நகத்தால நெம்பாமல் ஆறுதலாத் திறவுங்கோ. மேல பற்றரி பாக்கிற பொத்தான் இருக்கு, சிவப்பு லைட் கெதிகெதியா மினுங்கினால் நல்லம், ஆறுதலா மினுங்கினால் மாத்த வேணும்.

பிலிமின்ர ஐஎஸ்ஓவையும் கையாலதான் வைக்க வேணும், பிலிமைப் பாத்துத் தானா எடுக்கிற வசதி இதில இல்லை. 400 முடிச்சு 100 போட்டால் மாத்த வேணும், இல்லாட்டி ஏவியும் ரீவியும் ரெண்டும் பிழையாத்தான் கணக்குப் போடும்.

கழுவிறதுக்குக் கலர் பிலிமை நான் கொழும்புக்கு அனுப்புறனான், கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுறன். அதில ஒரு சின்ன விசயம், எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கேத்தில் அடியில வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள், அதே படிவு நெகட்டிவ் காயேக்க பொட்டுப் பொட்டா நிக்கும். கடைசி அலசலுக்கு வாகனப் பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணி ஒரு போத்தல் வாங்கி வச்சிருங்கோ. மற்றது, குழாய்த் தண்ணி 28, 29 பாகையில நிக்கும், மருந்தை 20 பாகைக்குக் கொண்டு வர ஐஸ் பைக்கற் வேணும்.

வாங்கப் போறவைக்கு. இந்தக் கமராவின்ர தயாரிப்பு 1985ஓட முடிஞ்சுது, ஆகக் குறைஞ்சது 40 வயசு, அந்த வயசுக்குரிய நோவு இருக்கும். பின் மூடியைத் திறந்து ஓரத்தில கிடக்கிற கறுப்புப் பஞ்சை விரலால தொட்டுப் பாருங்கோ, தார் மாதிரி ஒட்டினால் மாத்த வேணும், இல்லாட்டி வெளிச்சம் ஒழுகும். ஷட்டரை அமத்தேக்க இழுப்புக்காரர் மூச்சு விடுற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வந்தால் பயந்து விட்டிட்டு வராதேங்கோ, அது ஷட்டர் இல்லை, கண்ணாடியைத் தூக்கிற பொறியில எண்ணெய் காய்ஞ்சது, தெரிஞ்ச திருத்துனர் ஒரு துளி எண்ணெயில சரிப்படுத்துவார், விலையை மட்டும் குறைச்சுக் கேளுங்கோ. லென்ஸை வெயிலுக்கு எதிராப் பிடிச்சு உள்ளுக்குச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் இருக்கோ எண்டு பாருங்கோ, இஞ்சத்தைய ஈரத்துக்கு அது கெதியாப் பிடிக்கும்.

பேந்து பற்றரியைப் போட்டு, வளையத்தை 'ஏ'யில வச்சு, கடை வாசலுக்கு வாங்கோ. ஏவியில சில்லை 22இல இருந்து 1.8 மட்டும் சுத்துங்கோ, ஷட்டர் எண் ஒவ்வொரு படிக்கும் ஏற வேணும். ரீவியில 1/1000இல இருந்து 1/30 மட்டும் சுத்துங்கோ, அப்பர்ச்சர் எண் ஒவ்வொரு படிக்கும் கூட வேணும். கடைசியா ரீவியில ஒரு செக்கன் வச்சுப் பின் மூடி திறந்தபடி அமத்தி, லென்ஸுக்குள்ளால அந்த ஓட்டை உண்மையாச் சுருங்கி நிக்குதோ எண்டு உங்கட கண்ணால பாருங்கோ. ரெண்டு பக்கமும் எண் ஓடி, ஓட்டையும் சுருங்கினால் காசைக் குடுத்திட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.